காஞ்சி இல்லாத போர்

பாடசாலை விட்ட பின்னர், பதினோராந் தர வகுப்பறையில் நாலைந்து மாணவர் இரண்டு மேசைகளை ஒன்றாக இணைத்துக் கறுப்புச் சீலை விரித்து, அதன்மேற் புளியங்கொட்டைகளையும் சோடாப் போத்தல் மூடிகளையும் அணியணியாக அடுக்கி வைத்திருப்பதை ஒரு மாத காலமாகக் கண்டு வருகின்றேன். சீலை விண்வெளி, புளியங்கொட்டை சிறு கப்பல், மூடி பெருங்கப்பல். அடிமட்டத்தால் அளந்து கப்பலை நகர்த்துகின்றனர். பகடை உருட்டிச் சுடுகின்றனர். ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்த மாமன் ஒருவர் மருமகனுக்குப் பழக்கிவிட்டுப் போன விளையாட்டு இது. மேனாட்டிலே இதற்கென்று உலோகத்தில் வார்த்த கப்பல்கள் விற்பனைக்கு உண்டு. இங்கே புளியமரம் உண்டு.

இது குறித்து ஆசிரியர் அறையில் எழுந்த வாதமே என்னை எழுதத் தூண்டியது. மூத்த ஆசிரியர் ஒருவர், “முப்பது வருஷம் பட்டது போதாதோ? பகடையையும் பறித்துப் பெற்றாரையும் கூப்பிடுங்கோ” என்றார். இளையவர் ஒருவர், “வெறும் விளையாட்டுத்தானே, விடுங்கோ சேர்” என்றார். முன்னவரின் சினம் எனக்கு விளங்குகிறது; எனினும் தடை என்பது சிந்திக்க விரும்பாதவரின் கருவி. பின்னவரின் கூற்றோ அதனினும் தீயது. ‘வெறும்’ விளையாட்டு என்று ஒன்று உலகில் இல்லை. விதி எழுதப்பட்ட ஒவ்வொரு விளையாட்டும் ஒரு கருத்துரை. எது கணக்கில் வரும், எது வராது என்று விதி எழுதியவன் முன்கூட்டியே தீர்ப்புக் கூறிவிட்டான். அத்தீர்ப்பை வாசிக்கக் கற்பிப்பதன்றோ மொழியாசிரியனின் தொழில்?

ஆகவே விதி நூலைக் கேட்டு வாங்கி வாசித்தேன். ‘ஃபுல் திறஸ்ற்’, அதாவது ‘முழு உந்துவிசை’ என்பது அதன் பெயர். இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோன் ரஃப்லி என்பார் 1990களின் தொடக்கத்தில் எழுதியது. பின்னாளில் இணையத்தில் இலவசமாகவே வெளியிடப்பட்டது. எங்கள் பையன்கள் கைக்கு அது எட்டியது அதனாலேதான். நுட்பமான நூல் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இரு தரப்பாரும் ஒவ்வொரு கப்பலுக்குமான கட்டளையை மறைவாக எழுதி ஒரே வேளையில் வெளிப்படுத்துகின்றனர். ஒரு முறை வேகம் பெற்ற கப்பல், கட்டளை மாறும்வரை அதே வேகத்தில் ஓடிக்கொண்டேயிருக்கும். பௌதிகம் படிப்பிக்கும் நண்பர் இங்கே நியூட்டனைக் கண்டு மகிழ்ந்தார். கப்பல் திரும்பும் முறையைப் பார்த்ததும், இது தண்ணீரில் ஓடும் கப்பல் என்று முகஞ்சுளித்தார்.

கப்பலின் உடல் தாளிலே நிரை நிரையான கட்டங்களாக வரையப்பட்டிருக்கும். அடிபடுந்தோறும் கட்டங்கள் வெட்டப்படும். முதல் நிரை முடிந்ததும் கப்பலின் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பகடை உருட்ட வேண்டும். 6 விழுந்தால் அக்கருவி செயலிழந்தது. இரண்டாம் நிரை முடிந்தால் 5 விழுந்தாலும் போயிற்று. மூன்றாம் நிரை முடிந்தால் 4 விழுந்தாலும் போயிற்று. அழிவு தன் வேகத்தைத் தானே பெருக்கிக்கொள்ளும் என்னும் உண்மையை இதனினும் சுருக்கமாகக் கூறிய உரைநடையை நான் கண்டதில்லை.

மாலுமிகள் எங்கே என்று தேடினேன். இருக்கின்றனர். பழுது பார்க்கும் கைகளாக இருக்கின்றனர். கட்டங்கள் வெட்டுப்பட அக்கைகளின் தொகையும் குறையும். ஆகவே பழுது பார்க்கும் வாய்ப்புக் குறையும். அவ்வளவே. 1930களில் வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளோஸ்ரர்த் துறைமுகத்தை அடைந்தது. அதனைச் செலுத்திச் சென்றவர்கள் யார் யார் என்பதை அவ்வூரார் இன்றும் பேசிக்கொள்கின்றனர். கப்பல் என்றால் ஆள் என்று எண்ணிய கடற்கரை எங்களுடையது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1998ஆம் ஆண்டில் வெளிவந்த இதன் கப்பற்படை நூல் நான்கு வல்லரசுகளின் கப்பல்களை விவரிக்கிறது: புதிய ஆங்கிலியக் கூட்டரசு, புதிய சுவாபியக் கழகம், ஐரோப்பியக் கூட்டாட்சி, யூரேசிய சூரிய ஒன்றியம். விண்மீன்களுக்கிடையிலும் முன்வரிசையில் நிற்பவர்கள் எங்களுக்கு ஏலவே அறிமுகமானவர்களே! தம் பாட்டன் பூட்டனை ஆண்டவர்களின் கொடியை எங்கள் பையன்கள் புளியங்கொட்டையில் ஏற்றுகின்றனர். இதில் எனக்குப் பெருங்கோபம் இல்லை. பையன்கள் கொடியைப் பார்ப்பதில்லை, உந்துவிசையைத்தான் பார்க்கிறார்கள்.

என் வழக்கு வேறிடத்தில் உள்ளது. ஆட்டம் தொடங்குமுன் இருவரும் ஒரு புள்ளித் தொகையை ஒப்புக்கொள்கின்றனர். அதற்குள் அடங்கும்படி இருவரும் கப்பல்களைத் தெரிந்துகொள்கின்றனர். சமபலம்! நீதியான ஏற்பாடுதான். ஆனால் எந்தப் போர் சமபலத்தில் நடந்தது? எங்கள் ஆச்சிமார் திண்ணையிற் கீறி விளையாடிய ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிக்கு எதிரே பதினைந்து ஆடு. ஒன்றுக்குப் பல் உண்டு, மற்றதற்குத் தொகை உண்டு. புலி வெட்டும், ஆடு வெட்டாது, வழியடைக்கும். சமமின்மையை மறைக்காத ஆட்டம் அது.

இதே இனத்தைச் சேர்ந்த மற்றொரு நூல் 1999ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பற்றில்ஃபிளீற் கொதிக்’. பையன்கள் அதனையும் எங்கோ தேடி எடுத்திருந்தனர். அதிலுள்ள போர்ச்சூழல்களுள் ஒன்றில் ஒரு கோளின் உயிரனைத்தையும் அழித்தொழிப்பதே தாக்குவோனின் இலக்கு. அது எள்ளலாக எழுதப்பட்டது என்பாருளர். இருக்கலாம்; எள்ளலை உணராமலும் பகடை உருளும். மற்றொரு சூழலின் பெயர் ‘முற்றுகை உடைப்பு’. ஒருவனுடைய கப்பல்கள் முற்றுகைக்காரனை ஊடறுத்து மேசையின் மறுகரையைக் கடக்க வேண்டும். கடந்த கப்பலுக்குப் புள்ளி. மேசை விளிம்போடு ஆட்டம் முடிந்தது.

அன்று நான் அருகே நின்று, “கப்பலில் என்ன வருகுது?” என்று கேட்டேன்.

“புள்ளி, சேர்” என்றான் ஒருவன்.

அவன்மீது குற்றமில்லை. அவன் பிறந்ததே பாதை திறந்த பின்னர். நான் பிறந்தது 1990ஆம் ஆண்டில். பொருளாதாரத் தடை தொடங்கிய ஆண்டும் அதுவே. சவர்க்காரம், மெழுகுவர்த்தி, மின்கலம், எரிபொருள், சீமெந்து, பசளை யாவும் தடைப்பட்டியலில் இருந்தன. ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெயும் பஞ்சுத் திரியும் இட்ட விளக்கிலே என் தமக்கை படித்தாள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துத் தைனமோவைச் சுழற்றி ஊர் வானொலி கேட்டது. கிளாலிக் கடனீரேரியை இரவிலே படகிற் கடந்தவர்களுள் எத்தனையோ பேர் மறுகரையை அடையவில்லை. 2006 ஆகஸ்டில் முகமாலைப் பாதை மூடப்பட்டபோது நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ‘கப்பல் வந்திட்டுதாம்’ என்ற ஒரு சொல் ஒழுங்கையால் ஓடி வரும்; புத்தகத்தை மூடிவிட்டுச் சங்கக்கடை வரிசைக்கு ஓடுவோம். எங்களுக்குக் கப்பல் மேசையின் விளிம்பைக் கடந்த பின்னரே தொடங்கிற்று. சீனி எத்தனை கிராம், பால்மா யாருக்கு, வரிசையின் கடைசி ஆளுக்கு மிஞ்சுமா என்பவையே எங்கள் பகடைகள். விதி நூல் எந்த இடத்தில் முடிகிறதோ அந்த இடத்திலேதான் எங்கள் வாழ்வு இருந்தது.

‘மேசை விளையாட்டில் இவ்வளவையும் அடக்க முடியுமா?’ என வினவுவார்க்கு விடை வரலாற்றில் உண்டு. பிரஷ்ய இராணுவம் 1824இல் ஏற்றுக்கொண்ட போராட்டமும், பிரெட் ஜேன் 1898இல் வெளியிட்ட கடற்போர் ஆட்டமும் வெல்வது எவ்வாறு என்ற வினாவையே கேட்டன. எச். ஜி. வெல்ஸ் 1913இல் ‘லிற்றில் வார்ஸ்’ நூலை எழுதி, தகரச் சிப்பாய்களின் போர் உண்மைப் போரினும் மேலானது என்று வாதாடினார். அடுத்த ஆண்டே ஐரோப்பா தீப்பற்றியது. ஆனால் 1942இல் லிவர்பூல் நகரில் கில்பேர்ட் றொபேர்ட்ஸ் என்ற கடற்படை அதிகாரியும் அவரிடம் பணிபுரிந்த இளம் பெண்களும் தரையிலே சுண்ணக்கட்டியாற் கோடு கீறி ஆடிய ஆட்டத்தின் வினா வேறு: உணவுக் கப்பல்களை நீர்மூழ்கிகளிடமிருந்து காத்துக் கரைசேர்ப்பது எப்படி? அவர்கள் கண்ட உபாயங்கள் அத்திலாந்திக் கடலிற் கையாளப்பட்டன. பட்டினியை நடுவில் வைத்தாலும் விதி எழுதலாம், எழுதினார்கள்.

தமிழ் படித்தவனுக்கு இன்னொரு சான்றும் நினைவுக்கு வரும். புறத்திணையும் ஒருவகைப் போர் விதி நூல்தானே? ஆநிரை கவர்தல், மண்ணசை, மதில் வளைத்தல், நேர்நின்று பொருதல், வெற்றி என அடுக்கிச் செல்லும் தொல்காப்பியம், ஏழு திணைகளுள் ஒன்றாகக் காஞ்சியை வைத்தது. காஞ்சி நிலையாமை. செத்தவனுக்காக அழுபவளுக்கும் அங்கே துறை உண்டு. போருக்குமுன் பெண்டிரையும் பிணியாளரையும் விலகிச் செல்லுமாறு எச்சரிக்கும் அறத்தை நெட்டிமையார் பாடியிருக்கிறார். பழம்பெருமை பேசுவதற்காக இதனைக் கூறவில்லை. பேய்கள் பிணக்கூழ் அடும் பரணியும் நம்முடையதே. அதனை அருள்நூல் என்று சாதிக்க நான் துணியேன். ஆயினும் அந்தப் பரணிகூடத் தோற்றவனின் பெயரையே தன் பெயராகச் சூடிக்கொண்டது. சயங்கொண்டார் பாடியது கலிங்கத்துப்பரணி, வென்றது சோழன். போரை வகுத்த நம் புலவர்கள் அழுகைக்கும் ஒரு கட்டம் ஒதுக்கினர். விண்கப்பல் நூலில் அந்தக் கட்டம் இல்லை.

இவ்வளவையும் பையன்களுக்குச் சொன்னேன். பரணியை அவர்கள் கேட்டார்களோ என்னவோ, சங்கக்கடையைக் கேட்டார்கள். மறுவாரம் மேசையின் மறுகரையில் ஒரு தேங்காய்ச்சிரட்டை கவிழ்ந்திருந்தது. அது கோள். அதற்கும் கப்பலைப் போலவே ஒரு தாள், தாளிலே நிரை நிரையாகக் கட்டங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கட்டம் தானே வெட்டுப்படும். நிரை முடிந்ததும் பகடை: ஆஸ்பத்திரிக்கு ஒன்று, மின்சாரத்துக்கு ஒன்று, நீரிறைக்கும் இயந்திரத்துக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று. கப்பல் ஒன்று வந்து சேர்ந்தால் நாலு கட்டம் மீளும்.

ஆட்டமே மாறிவிட்டது. கப்பல்களை உடையவன் சண்டையைத் தவிர்த்து ஓடப் பார்க்கிறான். முற்றுகைக்காரன் ஒரு சூடும் சுடாமல் காத்திருந்தே வெல்லலாம் என்று கண்டுகொண்டார்கள். அன்றிலிருந்து அந்தப் பக்கத்தை எடுக்க ஒருவனும் முன்வருவதில்லை, காசு சுண்டித்தான் தீர்மானிக்கிறார்கள். மூத்த ஆசிரியரும் ஒருநாள் வந்து நின்று பார்த்தார். மண்ணெண்ணெய்க்கு ஏன் கட்டம் இல்லை என்று கேட்டுவிட்டுப் போனார். சேர்த்தாயிற்று.

இப்போது பிணக்கு ஒன்றே ஒன்றில்தான்: கோளுக்கு மொத்தம் எத்தனை கட்டம் போடுவது? பன்னிரண்டு என்கிறான் ஒருவன். முப்பது என்கிறான் மற்றவன். வீட்டுக்குப் போய் அம்மம்மாவைக் கேட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.