காலிக் கோட்டையில் பார்த்த கணக்கு

டிக்கோயாவில் புடவைக் கடை வைத்திருப்பவனுக்குக் காலிக் கோட்டையில் என்ன அலுவல் என்று வாசகர்கள் கேட்கலாம். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த கையோடு வான் பிடித்து, பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் போய் வந்தோம். போனது பிள்ளைகளின் சந்தோசத்துக்கு. ஆனாலும் வியாபாரியின் கண் சும்மா இருக்குமா?

போர்த்துக்கேயர் 1588இல் தொடங்கிய கோட்டை. 1640இல் ஒல்லாந்தர் பிடித்துப் பெருப்பித்தார்கள். 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. இவை பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே உண்டு. எனக்குப் பெரிதாகப் பட்டது, மதிலில் ஏறி நடக்க டிக்கட் இல்லை என்பதுதான். அசருக்குப் பிறகு ஊர்ச் சனம் குடும்பம் குடும்பமாக வந்து புல்லில் உட்காருகிறது, பிள்ளைகள் பட்டம் விடுகிறார்கள். மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து வெளிச்சவீடு வரை என் பேரன் ஓடிய ஓட்டத்துக்கு ஒரு சதமும் செலவில்லை. 2004இல் வெளியே பஸ் நிலையத்தைக் கடல் அள்ளிக்கொண்டு போனபோது உள்ளே பெரும்பாலும் தப்பியதைச் சொன்னேன். "இந்த மதிலா அப்பா சுனாமிய மறிச்சது?" என்று கல்லைத் தட்டிப் பார்த்தான்.

வெளிச்சவீட்டுக்கு எதிரே மீரான் ஜும்ஆப் பள்ளி. 1904இல் கட்டியது, தூரத்தில் பார்த்தால் தேவாலயம் என்றே நினைப்பீர்கள். அங்கே லுஹர் தொழுதபின் ஒரு பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தேன். மாணிக்கக்கல் வியாபாரம் செய்த நம்மவர் வீடுகள் பல கைமாறி, வெளிநாட்டாரின் மாளிகைகளாகவும் சிறு ஹோட்டல்களாகவும் ஆகிவிட்டன என்றார். விற்றவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மரபுரிமை நகரத்தில் வீட்டைத் திருத்தவே அனுமதி எடுக்க வேண்டும், வீட்டிலே குமர் இருக்கும், கேட்கும் விலையோ கனவிலும் காணாதது. ஆனால் விற்ற பணம் ஒரு தலைமுறையில் கரைந்துவிடும். வாங்கியவர் அதே திண்ணையில் நாற்காலி போட்டு ஒவ்வொரு நாளும் சம்பாதிக்கிறார்.

அப்படியொரு திண்ணையில் நாங்களும் உட்கார்ந்தோம். ஒரு கோப்பை தேநீர் எழுநூறு ரூபாய்! எங்கள் மலையில் பறித்த கொழுந்துதான். ஆறு பேருக்கும் கணக்குப் பார்த்த என் மனைவி, மீதி நேரம் முழுவதும் வானில் இருந்த பிளாஸ்கையே திறந்தார்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், என் கடையின் மேல் மாடியை முப்பது வருடக் குத்தகைக்குக் கேட்டு ஒரு கொழும்புக்காரர் வந்திருக்கிறார். டிக்கோயாவில் என்ன இருக்கிறது என்று நாமே கேட்போம். 1878இல் கட்டிய வார்லி தேவாலயம் இருக்கிறது, அதன் காலடியில் காசல்ரீ நீர்த்தேக்கம் இருக்கிறது. துரைமார் பங்களாக்கள் 2005 முதல் சொகுசு ஹோட்டல்களாகிவிட்டன. டிசம்பரிலிருந்து வெசாக் வரை பாவா ஆதம் மலைக்குப் போகும் சனம் நம் கடை வாசலால்தான் போகிறது. நிற்பதில்லை. நிற்க நாம் என்ன வைத்திருக்கிறோம்? சுத்தமான மலசலகூடம் ஒன்று, சுபஹுக்கு முன் சூடாக ஒரு தேநீர், பிள்ளைகுட்டியோடு வருபவன் கட்டக்கூடிய வாடகைக்கு ஓர் அறை. இதற்குக் கோடிக்கணக்கில் முதல் வேண்டியதில்லை.

ஆகவே மாடியைக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். தூக்க முடியாதவர்கள் குத்தகைக்குக் கொடுங்கள், ஆனால் ஐந்து வருடத்துக்கு மேல் கையெழுத்து வைக்காதீர்கள். வருமானத்தில் பங்கு கேளுங்கள். கொழும்புக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

இரண்டு அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. கத்தாரிலிருக்கும் மகனிடம் சொன்னேன், சீசனுக்கு வந்து பார்க்கிறேன் என்றான். "அது சரி, மலசலகூடத்த யார் கழுவுற?" என்று மனைவி கேட்கிறார். நான்தான் என்று சொல்லியிருக்கிறேன்.