மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனை

இதய அறுவை சிகிச்சைக்கோ ஆஞ்சியோவுக்கோ பிறகு சிறுநீரகம் திடீரெனத் தளர்வதைக் கண்டறிய எளிய அளவுகோல் உண்டு. 48 மணி நேரத்துக்குள் ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருள் டெசிலிட்டருக்கு 0.3 மி.கி. கூடினாலோ, ஏழு நாளுக்குள் ஒன்றரை மடங்கானாலோ பாதிப்பு என்கிறது சர்வதேச சிறுநீரக அமைப்பான கேடிகோவின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டுதல். சிறுநீர் குறைவதும் அடையாளமே: 60 கிலோ எடையுள்ளவருக்கு ஆறு மணி நேரம், மணிக்கு 30 மி.லி.க்கும் கீழே.

அறுவையில் இதய-நுரையீரல் இயந்திரம் ஓடும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் குறைகிறது. சிவப்பணுக்கள் சிதைகின்றன, அழற்சி கிளம்புகிறது. ஆஞ்சியோவில் செலுத்தும் சாயமும் ரத்த அழுத்தச் சரிவும் காரணங்கள். சாயத்தால் ஏறும் கிரியேட்டினின் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாளில்தான் உச்சம் தொடும். சிக்கலே இங்குதான். கோவையில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு, பொள்ளாச்சி வழியாக கேரள எல்லையிலுள்ள கோபாலபுரத்துக்குத் திரும்புபவர் அதற்குள் வீட்டில் இருப்பார். சர்க்கரை நோயாளிகளுக்கும் ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவர்களுக்குமாவது பொள்ளாச்சியிலோ கேரளத்தின் சித்தூரிலோ மூன்றாம் நாள் ஒரு பரிசோதனையை வீடு அனுப்பும் சீட்டிலேயே எழுதித் தர வேண்டும். செலவு சொற்பம்.

தடுப்பில் மாயமருந்து இல்லை. சோடியம் பைகார்பனேட்டும் அசிட்டைல்சிஸ்டீனும் கூடுதல் பலன் தரவில்லை என்று 2018இல் வெளியான பிரிசர்வ் ஆய்வு காட்டியது. சாயத்தின் அளவைக் குறைப்பது, உப்புநீர் ஏற்றுவது, மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் வலி மாத்திரையை நிறுத்துவது ஆகியவையே எஞ்சும் வழிகள். இதயம் பலவீனமானவருக்கு உப்புநீரும் அளவோடுதான்.