ஈசிஆர் ரைடு கிளம்புறதுக்கு முன்னாடி டயரை மட்டும் பார்த்தா போதாது

போன வீடியோவுல "மாசம் ஒரு பைக் ரைடு போறேன், இது வெட்டிச் செலவா?"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். என் பதில்: இல்லை. நானே போறவன்தான். ஆனா அந்தக் கேள்விக்குப் பின்னாடி இருக்கிற வேற ஒரு விஷயத்தை வீடியோவுல விளக்கமா சொல்ல முடியல. அதை இங்க எழுதறேன்.

முதல்ல செலவு. எங்க குரூப்ல எட்டு வண்டி. காலைல அஞ்சரைக்கு திருவான்மியூர்ல சேருவோம். முட்டுக்காடு பாலத்துல விடியும். மாமல்லபுரம், கல்பாக்கம் தாண்டி கடப்பாக்கம் வரைக்கும் போய், ஆலம்பரைக் கோட்டைல கடலைப் பார்த்து உட்கார்ந்துட்டு மதியத்துக்குள்ள திரும்பிடுவோம். போக வர 220 கிலோமீட்டர்னு வைங்க. லிட்டருக்கு 40 கொடுக்கிற வண்டிக்கு அஞ்சரை லிட்டர், சுமார் 550 ரூபாய். டிபன், டீ, மீன் சாப்பாடு எல்லாம் சேர்த்து 1,200-ல முடியும். மால்ல ஒரு சினிமாவுக்குக் குடும்பத்தோட போனா இதைவிட அதிகம் ஆகுது.

பட்ஜெட் உடையறது அதுக்காகப் புதுசா வண்டி வாங்கும்போதுதான். 2 லட்சம் கடன், 11 சதவீதம், மூணு வருஷம்னா இஎம்ஐ 6,548 ரூபாய். தினம் ஆபீஸுக்கு மெட்ரோ, மாசம் ஒரு ரைடுக்கு மட்டும் இந்த வண்டின்னா, ஒவ்வொரு ரைடுக்கும் பெட்ரோல் 550, வண்டிக்கு 6,548. 350 சிசிக்கு மேல போறவங்களுக்கு 2025 செப்டம்பர் 22-லேர்ந்து ஜிஎஸ்டி 40 சதவீதம் வேற. ஆசை இருந்தா வாங்குங்க, நான் தடுக்கல. கணக்கைப் போட்டுட்டு வாங்குங்க, அவ்வளவுதான்.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வரேன்.

எங்க குரூப்ல ஒருத்தர் ஒரு ரைடுக்கு மச்சினனோட வண்டியை எடுத்துட்டு வந்தார். கோட்டைக்குத் திரும்பற ஊர்ப் பாதைல மணல் சரிஞ்சு கிடந்தது. வேகம்கூட இல்ல, முப்பது முப்பத்தஞ்சு இருக்கும். முன் சக்கரம் வழுக்கி விழுந்துட்டார். ஹெல்மெட், ஜாக்கெட் எல்லாம் சரியாத்தான் போட்டிருந்தார். தோள்பட்டை எலும்பு உடைஞ்சது. 108-ல அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய் முதலுதவி ஆச்சு. நாலு நாள் கழிச்சு சென்னைல ஆபரேஷன், பிளேட். பில் ஒண்ணேமுக்கால் லட்சம்.

"ஆபீஸ் இன்ஷூரன்ஸ் இருக்குல்ல?"ன்னு கேட்டேன். அவர் முகத்தைப் பார்த்ததும் புரிஞ்சுபோச்சு. வெள்ளிக்கிழமை பழைய கம்பெனில கடைசி நாள். புது வேலை அடுத்த மாசம் முதல் தேதி. விழுந்தது ஞாயிற்றுக்கிழமை. குரூப் பாலிசி வேலையோட சேர்ந்து முடிஞ்சு போயிருந்தது. தனியா ஹெல்த் பாலிசி கிடையாது. "கம்பெனி தருதே, எதுக்கு ரெண்டு?"ன்னு அவரே என்கிட்ட முன்னாடி வாதாடியிருக்கார்.

சரி, வண்டி இன்ஷூரன்ஸ்? அங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. 2018 செப்டம்பருக்கு அப்புறம் புது டூவீலர் வாங்கினா தேர்ட் பார்ட்டி கவர் அஞ்சு வருஷத்துக்கு எடுக்கணும். அதைப் பார்த்துட்டு "அஞ்சு வருஷம் கவலை இல்லை"ன்னு இருந்துடறோம். ஆனா பெரும்பாலான பாலிசில நம்ம வண்டிக்கான ஓன் டேமேஜ் கவர் ஒரு வருஷம்தான். மச்சினன் வண்டில அது முடிஞ்சு எட்டு மாசம். ஹேண்டில், டேங்க், ஹெட்லைட் எல்லாம் கைக்காசு.

"15 லட்சம் பெர்சனல் ஆக்சிடென்ட் கவர் இருக்கே?"ன்னு இன்னொரு நண்பர் கேட்டார். அது ஓனர்-டிரைவருக்கான கவர். ஆர்சி யார் பேர்ல இருக்கோ அவருக்கு, அவர் லைசென்ஸோட ஓட்டும்போது மட்டும்தான். இரவல் வாங்கி ஓட்டினவருக்கு இல்லை. இன்னொண்ணு, அது சாவுக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான் பணம் தரும். எலும்பு உடைஞ்ச ஆஸ்பத்திரி பில்லுக்குத் தராது. ஓனரே விழுந்திருந்தாலும் அந்த ஒண்ணேமுக்கால் லட்சத்துல ஒரு ரூபாய்கூட வந்திருக்காது.

இதைவிட எனக்குப் பயமா இருக்கிறது பின் சீட்டு. ரைடுக்கு மனைவியைக் கூட்டிட்டு வர்றவங்க எங்க குரூப்லயே மூணு பேர். வண்டிக்கு வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தா, பின்னாடி உட்கார்ந்து வர்றவங்களுக்கு அதுல கவர் கிடையாதுன்னு உச்ச நீதிமன்றம் 2006-லயே சொல்லிடுச்சு. முழு பேக்கேஜ் பாலிசி இருந்தாதான் அவங்களும் உள்ள வருவாங்க. அதாவது ஓன் டேமேஜை ரென்யூ பண்ணாம விட்டா, வண்டியோட பெயின்ட் மட்டும் இல்ல, பின்னாடி இருக்கிறவங்களோட பாதுகாப்பும் போகுது. இதை எத்தனை ஷோரூம்ல சொல்லித் தர்றாங்க?

தமிழ்நாட்டுல இன்னுயிர் காப்போம் திட்டம் இருக்கு, உண்மை. பட்டியல்ல இருக்கிற மருத்துவமனைகள்ல விபத்துக்கு அப்புறம் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். உயிரைக் காப்பாத்தற திட்டம் அது, ரொம்ப நல்ல திட்டம். ஆனா நண்பரோட ஆபரேஷன் நடந்தது நாலாம் நாள்.

அப்போ என்ன செய்யணும்? வேலை எதுவா இருந்தாலும் சொந்தமா ஒரு ஹெல்த் பாலிசி வேணும். புது பாலிசில முதல் 30 நாள் காத்திருப்பு இருக்கும், ஆனா விபத்துக்கு அது கிடையாது. இதுவே நண்பருக்குத் தெரிஞ்சிருந்தா வெள்ளிக்கிழமை ராத்திரி எடுத்திருக்கலாம். தனிநபர் பாலிசிக்கு இப்போ ஜிஎஸ்டியும் இல்லை. அடுத்தது தனியா ஒரு பெர்சனல் ஆக்சிடென்ட் பாலிசி. யார் வண்டி ஓட்டினாலும், பஸ்ல போனாலும் அது உங்களோட வரும். வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்குப் பணம் தர்ற பிரிவும் சேர்த்து எடுங்க. நண்பருக்கு ஆறு வாரம் கை தூக்க முடியல, புது கம்பெனில சேர்ற தேதி தள்ளிப்போச்சு. வரிக்காக எடுக்கறேன்னு மட்டும் வராதீங்க. ஹெல்த் பிரீமியத்துக்குப் பழைய வரி முறைலதான் கழிவு, ஆக்சிடென்ட் பாலிசிக்கு அதுவும் இல்லை.

இப்போ எங்க குரூப்ல ஒரு வழக்கம் வந்திருக்கு. சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்குள்ள எல்லாரும் பாலிசியோட முதல் பக்கத்தை வாட்ஸ்அப்ல போடணும். ஓன் டேமேஜ் தேதி முடிஞ்சிருந்தா வண்டியை வீட்டுல விட்டுட்டு வேற யார் பின்னாடியாவது உட்கார்ந்து வரலாம். முதல் வாரமே மாட்டினது ரெண்டு பேர். அதுல ஒருத்தன் நான். ரென்யூவல் மெயில் ஸ்பாம்ல கிடந்தது.

நண்பர் இப்போ நல்லா இருக்கார். மறுபடி வண்டி எடுக்க டாக்டர் இன்னும் விடல. போன மாசம் கார்ல பின்னாடியே வந்து, கோட்டை வாசல்ல எங்களுக்கு முன்னாடி டீ வாங்கி வெச்சிருந்தார்.