திரையிட்டு மறைத்த ஓவியம்

நாடுகளிடையே நல்லுறவு வளர்க்கக் கலைக்குழுக்களை அனுப்புதல் அரசுகளின் வழக்கம். ஆடலும் பாடலும் விருந்தும் முடிந்தபின் இருசாராரும் கைகுலுக்கிப் பிரிவர். அரசியலில் கலைக்குள்ள பங்கு இவ்வளவே என எண்ணுவோர் நம்மிடையே பலர் உளர். இக்கருத்து ஏற்புடையதன்று.

1937 ஏப்ரல் 26 அன்று, ஸ்பெயின் உள்நாட்டுப் போரில், தளபதி பிராங்கோவுக்குத் துணைநின்ற ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் பாஸ்க் மக்களின் குவெர்னிகா என்னும் ஊரின்மீது குண்டுமாரி பொழிந்தன. பின்வாங்கியோரே ஊருக்குத் தீயிட்டனர் என்று பிராங்கோ தரப்பார் சாதித்தனர். பாரிசில் வாழ்ந்த பிகாசோ, அவ்வாண்டு அந்நகரில் நிகழ்ந்த உலகப் பொருட்காட்சியின் ஸ்பெயின் மண்டபத்திற்காக இக்கொடுமையை வரைந்தார். ஏறத்தாழ 25 அடி நீளம். கருப்பு, வெள்ளை, சாம்பல் வண்ணங்கள். இறந்த மகவை ஏந்தி அலறும் தாய், துடிக்கும் குதிரை, வீழ்ந்துகிடக்கும் வீரன். குண்டு வீசியவர் எவரும் அதில் இல்லை. எந்நாட்டார் கண்டாலும் அது தம் ஊரே எனக் கருதுவது அதனாற்போலும்!

மக்களுரிமை மீளும்வரை ஓவியம் ஸ்பெயினுக்குச் செல்லலாகாது என்றார் பிகாசோ. பிராங்கோ அரசு விரும்பியும் கிட்டவில்லை. 1973இல் ஓவியரும் 1975இல் பிராங்கோவும் மறைந்தனர். 1981இல்தான் அது நியூயார்க்கிலிருந்து மாட்ரிட் சேர்ந்தது. தூதரைத் திரும்ப அழைத்துக்கொள்வதினும் வன்மையான கண்டனம் இஃது என்பேன்.

இவ்வோவியத்தைப் பார்த்து நெய்த சீலையொன்று 1985 முதல் ஐ.நா. பாதுகாப்பு அவையின் வாயிலருகே தொங்கியது. 2003 பிப்ரவரி 5 அன்று, அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஈராக்கின்மீது குற்றஞ்சாட்ட அவ்வவைக்கு வந்தபோது, அச்சீலை நீலத்திரையால் மூடப்பட்டிருந்தது. தொலைக்காட்சிப் படப்பிடிப்புக்குப் பின்னணி பொருந்தவில்லை என்றனர் அலுவலர். பதினெட்டாண்டுகள் உறுத்தாத பின்னணி அன்று உறுத்தியது! வெறும் ஒப்பனையாயின் அதற்குத் திரை எதற்கு?

அடுத்த மாதமே போர் மூண்டது. காரணமாகக் காட்டப்பட்ட பேரழிவு ஆயுதக் குவியல்கள் பின்னர் அகப்படவேயில்லை. ஓவியம் போரைத் தடுத்ததோ எனின், இல்லை. அதனை அதன்மேல் ஏற்றுதல் மிகை. ஆயினும் பவலின் உரையை நினைவுகூர்வோர் பலர் அத்திரையையும் சேர்த்தே நினைவுகூர்கின்றனர். மறைத்தவர் செய்த விளம்பரம் அது.

2021இல் உரிமையாளர் குடும்பத்தார் சீலையை எடுத்துச்செல்லச் சுவர் வெறுமையாயிற்று. 2022 பிப்ரவரியில் அது பழைய இடத்திற்கே திரும்பிவந்தது. செய்தியாளரிடம் பேச வரும் தூதர்கள் அதனருகே நின்றுதான் பேசுகின்றனர்.