சுவர் உள்ளீடற்றதாக இருந்தால்...

மத்ரஸாவில் கிதாபு ஓதிக் கொடுக்கும் மௌலவிக்கு டி.வி. மாட்டுவதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள், சொல்கிறேன்.

சென்ற விடுமுறையில் பிள்ளைகளை ரிவர்ஸ்டனுக்குக் கூட்டிச் சென்றிருந்தேன். மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக மலை ஏறுகிற அந்தப் பாதையை அறிந்தவர்களுக்கு அங்குள்ள காற்றையும் தெரிந்திருக்கும். கோபுரம் நிற்கும் உச்சியில் அது ஆளையே தள்ளும். நாங்கள் இரவு தங்கியது வழியிலுள்ள ஒரு விடுதியில். பெரிய அறையொன்றை நடுவே ஜிப்சம் போர்டால் மறித்து இரண்டாக்கியிருந்தார்கள். அந்த மறிப்பில் 43 அங்குல டி.வி. ஒன்று. அதன் கீழே கட்டில். மஃரிபுக்குப் பிறகு காற்றில் கதவு படீரென்று அடித்தது. கட்டிலில் கிடந்த என் சின்ன மகன், "வாப்பா, செவருலேருந்து மா கொட்டுது" என்றான்.

மாவல்ல அது, ஜிப்சம் தூள். டி.வி.யைப் பிடித்திருந்த தகட்டின் மேல் விளிம்பு சுவரிலிருந்து ஒரு விரல் புகும் அளவு விலகியிருந்தது. உடனே கட்டிலை எதிர்ப் பக்கம் இழுத்துப் போட்டுவிட்டு விடுதிக்காரரைக் கூப்பிட்டேன். நல்ல மனிதர். "ஹஸ்ரத், நாலு பிளக் அடிச்சுத்தான் மாட்டினோம்" என்றார். கோளாறே அந்த பிளக்கில்தான் இருந்தது.

நம் பழைய வீடுகளின் செங்கல், கபொக் சுவர்களில் துளையிட்டு பிளாஸ்டிக் பிளக்கைச் செருகி ஸ்குரூவை முறுக்கினால், பிளக் விரிந்து நாற்புறமும் கல்லை நெருக்கிக் கொள்ளும். அந்த நெருக்கமே அதன் பலம். ஜிப்சம் போர்ட் என்பதோ இரண்டு தடித்த காகிதங்களுக்கு நடுவே உறைந்த ஜிப்சம். கனம் பெரும்பாலும் 12.5 மில்லிமீட்டர்தான். அதற்குப் பின்னால் வெறும் வெளி. நெருக்கினால் ஜிப்சம் பொடியாகுமே தவிர எதையும் பிடிக்காது. (கப்றுகளைப் பூசுவது பற்றிய மஸ்அலாவில் நாங்கள் ஓதும் 'ஜஸ்ஸு' என்பது இந்தப் பொருள்தான். பூசுவதற்கு உதவுவது தொங்கவிடவும் உதவும் என்று யார் சொன்னது?) இப்படிக் காகிதத்தால் அடுக்கிய பலகைக்கு அமெரிக்காவில் ஒகஸ்டின் சாக்கெட் என்பவர் 1894இல் காப்புரிமை பெற்றார். அறை பிரிக்க அது அருமையான சாமான். ஈரம் பட்டால் மட்டும் அதன் பலம் குன்றிவிடும். பனிமூட்டம் சன்னலுக்குள் வருகிற ரிவர்ஸ்டன் போன்ற இடத்தில் இதையும் யோசிக்க வேண்டும்.

1982இல் ரூபவாஹினி தொடங்கிய நாட்களில் நம் வீடுகளுக்கு வந்த பெட்டிகள் முதுகு பெருத்தவை. அலுமாரியின் மேல் குந்தியிருந்தன. இன்றையது மெல்லியது, ஆகவே பாரமில்லை என்று நினைக்கிறோம். கணக்குப் பார்ப்போம். டி.வி. 12 கிலோ. தகட்டின் மேல் ஸ்குரூவுக்கும் கீழ் ஸ்குரூவுக்கும் இடையே 20 சென்டிமீட்டர். சுவரோடு ஒட்டி மாட்டினால் அதன் பாரம் சுவரிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும். மேல் ஸ்குரூக்களை வெளியே இழுக்கும் விசை 3 கிலோவளவுதான். அதையே இழுத்துத் திருப்பும் கையில் மாட்டி 40 சென்டிமீட்டர் வெளியே நீட்டினால் அந்த இழுவை 24 கிலோவாகிவிடும். கையைப் பிடித்து ஒரு பிள்ளை தொங்கினால் என்னாகும் என்பதை நீங்களே கணக்கிடுங்கள். ஜிப்சம் சுவரில் இந்த நீட்டும் கை வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. அந்த விடுதியில் இருந்தது அதுதான்.

பாரத்தைச் சுமக்க வேண்டியது போர்டல்ல, அதற்குப் பின்னால் நிற்கும் சட்டங்கள். மெல்லிய தகரச் சட்டமோ மரச் சட்டமோ, 16 அல்லது 24 அங்குலத்துக்கு ஒன்று மேலிருந்து கீழாக நிற்கும். அவற்றைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. பிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றைச் சுவரில் மெதுவாக நகர்த்துங்கள். போர்டைச் சட்டத்தோடு இணைத்த ஸ்குரூத் தலைகளில் அது ஒட்டும். ஒரே நேர்கோட்டில் மூன்று நான்கு இடங்களில் ஒட்டினால் சட்டம் அங்கேதான்.

மறுநாள் காலையில் வந்த மரவேலை பாஸ் செய்ததைச் சொல்கிறேன். முதலில் மெயின் சுவிட்சை நிறுத்தினார்; சுவருக்குள் வயர் ஓடுகிறதல்லவா? 18 மில்லிமீட்டர் பிளைவுட் துண்டொன்றை மூன்று சட்டங்களுக்கு மேல் செல்லும் அகலத்துக்கு வெட்டினார். டி.வி. தகட்டுக்குரிய போல்ட்களைப் பிளைவுட்டின் பின்புறத்திலிருந்து செருகி, தலைகளைப் பலகைக்குள் அமிழ்த்தினார். பிறகு பலகையை ஒவ்வொரு சட்டத்திலும் பல ஸ்குரூக்களால் இறுக்கினார். ஒவ்வொன்றும் 40 மில்லிமீட்டருக்குக் குறையாதது. தகரச் சட்டத்தில் ஒரு ஸ்குரூவின் பிடி சொற்பம், பலவற்றில் பாரத்தைப் பகிர வேண்டும் என்றார். நீட்டும் கையைக் கழற்றிவிட்டு ஒட்டிய தகட்டைப் போட்டார்.

புதிதாக வீடு கட்டுபவருக்கு இது இன்னும் சுலபம். போர்ட் மூடுமுன் சட்டங்களுக்கிடையே பலகை வைக்கச் சொல்லுங்கள். மூடிய பிறகு யாரும் திறந்து தரமாட்டார்கள்.

உள்ளே போய்ச் சிறகு விரித்துப் பிடிக்கும் ஸ்பிரிங் போல்ட்கள் ஹார்ட்வெயார் கடைகளில் கிடைக்கும். பிளாஸ்டிக் பிளக்கை விட எவ்வளவோ மேல். ஆனாலும் பிடிப்பது அதே போர்டைத்தான். பெட்டியில் எழுதியிருக்கும் எடையில் கால்வாசியை மட்டும் நான் நம்புவேன். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொல்லப்பட்ட நாம், கட்டும் கம்பு உறுதியானதா என்றும் பார்க்க வேண்டாமா?

இன்னொன்று. பழைய வீடுகளின் மறிப்புகளில் ஜிப்சத்துக்குப் பதில் அஸ்பெஸ்டஸ் தட்டையான தகடுகளும் இருக்கக்கூடும். அவற்றில் துளையிடவே வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலுக்குப் புற்றுநோயைக் கொண்டுவருவது. வாடகை வீடு, சுவர் எதனால் ஆனதென்று தெரியவில்லை என்றால், பதிவான அகலமான மேசையில் டி.வி.யைப் பின்தள்ளி வைத்து, மேசையோடு பட்டியால் கட்டிவிடுங்கள்.

ஏற்கெனவே மாட்டியிருப்பவர்கள் இன்றே தகட்டின் மேல் விளிம்பை ஒட்டிச் சுவரில் ஒரு பென்சில் கோடு போடுங்கள். ஒரு மாதம் கழித்துத் தகடு கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால், அல்லது கீழே வெள்ளைத் தூள் கண்டால், அன்றே கழற்றுங்கள். அதுவரை அதன் கீழே பாய் விரிக்காதீர்கள்.