யாருக்குச் சுலபம்?

“சின்னப் பிள்ளைகளோடு ஐரோப்பா போவதென்றால் கப்பல்தான் சுலபம்.” கடந்த எட்டு மாதங்களில் இவ்வாக்கியத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. சர்ஜாபூர் சாலையிலுள்ள அக்கா வீட்டுக்கு ஞாயிறு மதிய உணவுக்குப் போகும்போதெல்லாம் காதில் விழுகிறது. பயண முகவர் சொல்கிறார்; அத்தானின் அலுவலக நண்பர்கள் சொல்கிறார்கள்; போன ஆண்டு போய்வந்தவர்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் படத்தோடு சொல்கிறார்கள். ஒரே அறை, பெட்டியை ஒருமுறை திறந்தால் போதும், ஊர்கள் தாமே நம்மிடம் வந்து சேரும், சமைக்க வேண்டாம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் உண்டு என்பது அதன் விரிவுரை. திட்டம் இதுதான்: வரும் மே மாதம் பார்சிலோனாவில் ஏறி, மார்செய், ஜெனோவா, சிவிடாவெக்கியா, நேப்பிள்ஸ் வழியாக மீண்டும் பார்சிலோனா, ஏழு இரவுகள். மூத்தவனுக்கு ஐந்தரை வயது, இளையவளுக்கு இரண்டு.

உழைப்புச் சமூகவியலில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருப்பதால், “நீ என்ன நினைக்கிறாய்?” என்று அக்கா கேட்டாள். உணவு மேசையில் சொல்லி முடியாததை இங்கே எழுதுகிறேன். என் வழக்கு பயணத்தோடு இல்லை, அந்தச் ‘சுலபம்’ என்ற சொல்லோடு. அப்பயணத்தின் சிரமம் எங்கும் குறைவதில்லை, கைமாறுகிறது. யார் கைக்கு என்பதை மறைத்து விற்கப்படுவதால்தான் அச்சொல்லைப் பொய் என்கிறேன்.

முதலில், நம் தரப்புப் பொய் ஒன்றை அப்புறப்படுத்திவிடுகிறேன். “இரண்டு வயதுக் குழந்தைக்கு மத்தியதரைக்கடல் என்ன புரியும், எதுவும் நினைவில் நிற்கப்போவதில்லை, வெறும் பகட்டு” என்று ஏளனம் செய்வது கல்விப்புலத்தாரின் வழக்கம். நினைவில் நிற்காதவற்றையெல்லாம் பிள்ளைகளுக்கு மறுத்துவிட வேண்டும் என்றால் தாலாட்டிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். தவிர, பார்சிலோனாவில் கோடைக்காலக் கருத்தரங்கு என்றால் பயணப்படியோடு புறப்பட்டு, கட்டுரை வாசித்த மறுநாள் கடற்கரையில் படம் எடுத்துப் பதிவிடுகிறவர்களும் நாமே. கைக்குழந்தை உள்ள ஆய்வாளருக்கோ, அக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள உடன்வரும் பாட்டிக்கோ அந்த நல்கையில் ஒரு ரூபாய் ஒதுக்குவதில்லை. ஆகையால் நடுத்தர வர்க்கத்தின் பகட்டைப் பற்றி நாம் அளவோடு பேசுவது நல்லது.

இனி அக்காவின் எக்செல் தாளுக்கு வருகிறேன். அதில் இதுவரை 114 வரிகள் உள்ளன.

முதல் திட்டம் கிரேக்கத் தீவுகளும் துருக்கியும். குசாதசியில் கப்பல் நின்றால் ஷெங்கன் எல்லையைவிட்டு வெளியேறி மறுபடி நுழைவதாகக் கணக்கு. ஆகவே பலமுறை நுழையும் விசா வேண்டும், துருக்கியின் விதிகளைத் தனியே பார்க்க வேண்டும். சாண்டோரினியிலோ பெருங்கப்பல்கள் கரையணைவதில்லை. சிறு படகில் இறங்கி, பழைய துறையிலிருந்து கம்பிவடப் பெட்டிக்கு வரிசையில் நின்று மேலேற வேண்டும். இல்லையென்றால் 500க்கு மேற்பட்ட படிகள். தள்ளுவண்டியோடும் தூங்கி வழியும் குழந்தையோடும் அதை எண்ணிப் பார்த்து, அக்கா தாளின் முதல் முப்பது வரிகளை அழித்தாள். மேற்கு மத்தியதரைப் பாதைக்கு மாறியபின் அடுத்த கேள்வி: ஸ்பெயினிடம் விண்ணப்பிப்பதா, இத்தாலியிடமா? எந்த நாட்டில் அதிக நாட்களோ அந்நாட்டிடம். சமம் என்றால் முதலில் நுழையும் நாட்டிடம். கப்பலில் கழியும் நாட்களைத் துறைமுகம் துறைமுகமாக எண்ணினாள். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. 6 முதல் 12 வயதுக்குள் 45. ஆறு வயதுக்குக் கீழே கட்டணமில்லை. மூத்தவனுக்கு ஏப்ரலில் ஆறு நிறைகிறது. ஆகவே விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைக்கும் தேதியைப் பொறுத்து 45 யூரோ கூடவோ குறையவோ செய்யும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு அறிக்கை, இரு பெற்றோரின் ஒப்புதல் கடிதம், பிறப்புச் சான்றிதழ். விடுமுறைக்குப் போகிறவர் ஒவ்வொருவரும் திரும்பி வந்துவிடுவோம் என்று தாள்தாளாக நிரூபிக்க வேண்டியிருப்பது இந்தியக் கடவுச்சீட்டின் விதி. அதைச் சுலபம் என்று எவரும் சொல்லக் கேட்டதில்லை.

கப்பலுக்குள்ளே? பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கூடத்தில் பெரும்பாலான நிறுவனங்கள் மூன்று வயதுக்கு மேல்தான் சேர்க்கின்றன. கழிப்பறைப் பழக்கம் வந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. டயப்பர் அணிந்த குழந்தை பெரிய நீச்சல் குளங்களில் பொதுவாக இறங்க முடியாது. இளையவளைப் பொறுத்தவரை, விளம்பரத்தில் உள்ள அவ்விரண்டும் இல்லை. நம்மவர்கள் பெட்டியில் தவறாமல் வைக்கும் சின்ன மின்சாரக் குக்கரை ஏற்ற முடியாது. தீ அச்சத்தால் சூடேற்றும் கருவிகளுக்குத் தடை. பெங்களூரில் இரவு எட்டரைக்குத் தூங்கும் குழந்தைக்கு அங்கே மாலை ஐந்து மணிக்குக் கண் சொருகும். கோடைநேரக் கணக்கில் மூன்றரை மணி வித்தியாசம். உணவகத்தின் இரவுச் சாப்பாடு தொடங்குவது அதற்குப் பிறகு. ‘ரோம்’ என்று அச்சிட்டிருக்கும் துறைமுகமான சிவிடாவெக்கியாவிலிருந்து ரோமுக்கு ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். மாலைக்குள் கப்பலுக்குத் திரும்பியாக வேண்டும். இத்தனைக்கும் நடுவில், கப்பலில் ஏறிய அன்றே நடக்கும் பாதுகாப்புப் பயிற்சியைத் தவறவிடக் கூடாது, குழந்தை அளவு உயிர்காப்பு அங்கி அறையில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும் என்பதையும் ஒரு வரியாக அவள் சேர்த்திருக்கிறாள். 2012 ஜனவரி 13 அன்று கோஸ்டா கான்கார்டியா ஜிலியோ தீவருகே பாறையில் மோதிக் கவிழ்ந்தபோது, அன்று சிவிடாவெக்கியாவில் ஏறியவர்களுக்கு அப்பயிற்சி நடந்திருக்கவில்லை. இறந்த 32 பேரில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியும் உண்டு. புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடத்தியாக வேண்டும் என்ற விதி அதன் பிறகே வந்தது.

இந்த 114 வரிகளில் அத்தான் எழுதியவை எத்தனை என்று கேட்டேன். சிரித்தார். “முடிவெடுத்தது நான்தானே” என்றார். அலிசன் டாமிங்கர் 2019இல் அமெரிக்கக் குடும்பங்களைப் பற்றி எழுதிய ஆய்வுக்கட்டுரை இதற்காகவே எழுதப்பட்டதோ என்று தோன்றியது. வீட்டின் சிந்தனை உழைப்பை அவர் நான்காகப் பிரிக்கிறார்: தேவையை முன்கூட்டி உணர்தல், வழிகளைத் தேடுதல், முடிவெடுத்தல், நிறைவேறுகிறதா என்று கண்காணித்தல். முடிவெடுப்பதில் இருவருக்கும் பங்கு உண்டு. முன்னுணர்வதும் கண்காணிப்பதும் பெரிதும் பெண்கள் மீதே விழுகின்றன. நம் நாட்டின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடுவோரில் பெண்கள் நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். இரவு பதினொரு மணிக்குக் கைபேசியில் சிவிடாவெக்கியா ரயில் நேரத்தைத் தேடிக்கொண்டிருப்பதை அக்காவே வேலை என்று எண்ணுவதில்லை. கணக்கெடுக்க வருபவரிடம் அதைச் சொல்லவும் மாட்டாள்.

ஆனால் என் கோபம் முழுவதும் 97ஆம் வரியின் மேல். “டிப்ஸ்: ஏறியதும் வரவேற்பு மேசையில் சொல்லி நீக்க வேண்டும்.” அவளுக்குத் தானாகத் தோன்றியதல்ல இது. அனுபவசாலிகள் அந்த வாட்ஸ்அப் குழுவில் வழங்கிய அறிவுரை. கீழே கட்டைவிரல் உயர்த்தியவர்கள் நாற்பது பேர்.

விளக்கம் தேவைப்படுவோருக்காகச் சொல்கிறேன். பல உல்லாசக் கப்பல்களில் ஒவ்வொரு பயணியின் கணக்கிலும் நாள்தோறும் ஒரு சேவைத்தொகை தானாக ஏறும். பெரிய அமெரிக்க நிறுவனங்களில் அது தலைக்கு 15 டாலருக்கும் மேல். சிறு குழந்தைகளுக்கு விலக்கோ சலுகையோ சில இடங்களில் உண்டு. பல நிறுவனங்களில் பயணி கேட்டால் அதை நீக்கிவிடுவார்கள். அறையைத் துடைப்பவர், உணவு பரிமாறுபவர், கண்ணுக்கே படாமல் சலவைக்கூடத்தில் நிற்பவர் ஆகியோரின் வருமானத்தில் ஒரு பகுதி அது. நல்ல ஊதியத்தின் மேல் சொரியப்படும் அன்பளிப்பாக அதை எண்ணுவது அறியாமை. கப்பல் பஹாமாஸ், பனாமா, மால்டா போன்ற நாடுகளின் கொடியைத் தாங்கி ஓடும். கப்பலில் உழைப்பவருக்கான சட்டமும் பெரிதும் அந்தக் கொடியின் சட்டமே. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, இந்தியா 2015இல் ஏற்றுக்கொண்டது, வேலை நேரத்துக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பு ஏழு நாளில் 72 மணி நேரம்.  வாரவிடுமுறை என்ற பேச்சே இல்லாமல் மாதக்கணக்கில் ஓடும் ஒப்பந்தங்கள்.

அந்தப் பணியாளர்கள் யார்? ஒரு கணக்கு போதும். 2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் தனிமைப்படுத்தப்பட்ட டைமண்ட் பிரின்சஸ் கப்பலில் 3,711 பேர் இருந்தனர். அவர்களில் இந்தியர் 138 பேர். பயணிகள் 6, பணியாளர்கள் 132. மத்தியதரைக்கடல் இல்லை, வேறு கடல்தான். ஆனால் உல்லாசக் கப்பலில் நம் நாட்டவர் எங்கே நிற்கிறார்கள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எண்ணை நான் பார்த்ததில்லை. பயணிகள் அறைக்குள் அடைபட்டுக் கிடந்தபோது, கதவுதோறும் உணவுத்தட்டு வைத்தவர்கள் பணியாளர்கள். அவர்கள் அறைகளைப் பகிர்ந்து தங்கினார்கள், ஒரே கூடத்தில் உண்டார்கள். கோஸ்டா கான்கார்டியாவில் கடைசியாகக் கண்டெடுக்கப்பட்ட உடலும், 2014 நவம்பரில், ஓர் இந்தியப் பணியாளருடையதே.

ஆர்லி ஹாக்‌ஷீல்ட் 2000ஆம் ஆண்டில் ‘உலகளாவிய பராமரிப்புச் சங்கிலி’ என்ற கருத்தை முன்வைத்தபோது, பணக்கார நாட்டுக் குழந்தையை வளர்க்கத் தன் குழந்தையைப் பிறரிடம் விட்டுவரும் தாயைப் பற்றிப் பேசினார். உல்லாசக் கப்பல் அச்சங்கிலியை ஒரே இரும்புக் கூட்டுக்குள் சுருட்டி வைத்திருக்கிறது. உங்கள் மகளுக்குத் துண்டை மடித்து யானை செய்து கட்டிலில் வைத்துச் செல்பவருக்கும் ஊரில் அதே வயதில் ஒரு மகள் இருக்கக்கூடும். கப்பல் பணியாளருக்கு இணையத் தொடர்பு கிடைக்கச் செய்ய வேண்டும், கட்டணம் வசூலித்தால் அது நியாயமாக இருக்க வேண்டும் என்ற திருத்தம் அந்த உடன்படிக்கையில் நடைமுறைக்கு வந்தது 2024 டிசம்பர் 23 அன்றுதான். பிள்ளையின் முகத்தைக் கைபேசியில் பார்ப்பதற்கே உலக அளவில் சட்டத்திருத்தம் வேண்டியிருந்தது. அப்படிப்பட்டவரின் கணக்கிலிருந்து நாளுக்குப் பதினைந்து டாலரை எடுத்து, நேப்பிள்ஸில் ஜெலாட்டோ வாங்கிக்கொள்வதற்குத்தான் நாற்பது கட்டைவிரல்கள்.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். “அவர்கள் விரும்பித்தானே போகிறார்கள், அந்தச் சம்பளத்தில்தானே ஊரில் வீடு கட்டுகிறார்கள்?” ஆம், கட்டுகிறார்கள். கோவாவிலும் மும்பையிலும் கேரளத்திலும் தூத்துக்குடியிலும் அவ்வீடுகள் நிற்கின்றன. அவ்வருமானத்தை நான் இழிவாகப் பேசவில்லை. அவர் விரும்பிப் போனார் என்பதால் நாம் அவரிடமிருந்து பிடித்தம் செய்யலாம் என்பது எந்த ஊர் நியாயம்? “ஊதியம் தர வேண்டியது நிறுவனம், பயணி ஏன் தர வேண்டும்?” என்ற கேள்வி இன்னும் வலுவானது, நானும் அதைக் கேட்பவர் கட்சியே. ஆனால் வரவேற்பு மேசையில் தொகையை நீக்கச் சொல்பவர், நிறுவனத்தின் ஊதியக் கொள்கையை எதிர்த்து ஒரு வரி மின்னஞ்சலாவது அனுப்பியதாகக் கேள்விப்பட்டதில்லை. கொள்கை அவருக்கு அந்த மேசையருகே மட்டும் நினைவுக்கு வருகிறது.

(சங்ககாலத் தமிழர் யவனக் கடலில் கலம் செலுத்தினர், ஆகவே இது நம் மரபுப் பயணம் என்று நண்பர் ஒருவர் பின்னூட்டமிடுவார். தமிழ்ப் பிராமியில் கணன், சாதன் என்ற பெயர்கள் பொறித்த பானை ஓடுகள் கிடைத்த குசைர் அல்-கதீம் இருப்பது செங்கடல் கரையில். இன்றைய கப்பலில் அப்பெயர்களுக்கு உரியவர்கள் மார்பில் பெயரும் நாடும் எழுதிய பட்டையோடு மேசை துடைத்துக்கொண்டிருப்பார்கள்.)

துறைமுக நகரங்களின் தரப்பை இங்கே எடுக்கவில்லை. வெனிஸ் 2021 ஆகஸ்ட் முதல் பெருங்கப்பல்களைத் தன் நடுக்கால்வாயிலிருந்து விலக்கியது. பார்சிலோனா தன் ஏழு முனையங்களை ஐந்தாகக் குறைக்க 2025இல் உடன்பாடு கண்டது. அதைப் பற்றி எழுத அந்நகரத்தாரே போதும்.

இதன் முதல் வடிவத்தைச் சென்ற வாரம் அக்காவுக்கு அனுப்பினேன். மறுநாள் காலை அழைத்தாள். 97ஆம் வரியை மாற்றிவிட்டதாகச் சொன்னாள். விசா வரிகள் அனைத்தையும் அத்தான் பெயருக்கு மாற்றியிருக்கிறாளாம். அவர் இன்னும் தாளைத் திறக்கவில்லையாம். பிறகு கேட்டாள்: “கப்பல்காரர்களுக்காக இவ்வளவு எழுதினாயே, நாங்கள் இல்லாத பதினொரு நாளுக்கு இங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவருக்குச் சம்பளம் உண்டா என்று ஏன் கேட்கவில்லை?”

கேட்கத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. அந்தப் பெண்மணியின் மகன் தருமபுரியில் பாட்டியிடம் வளர்கிறான், மூன்றாம் வகுப்பு. வீட்டார் ஊருக்குப் போகும் நாட்களுக்குச் சம்பளம் பிடிப்பது அக்குடியிருப்பின் பொது வழக்கம். போன தீபாவளிக்கு அக்காவும் பிடித்திருக்கிறாள். நானும் அவர் கையால் காபி வாங்கிக் குடித்துக்கொண்டேதான் இரண்டு ஆண்டுகளாக அந்த மேசையில் உழைப்பைப் பற்றிப் பேசியிருக்கிறேன். இப்போது 115ஆம் வரி சேர்ந்திருக்கிறது: முழுச் சம்பளம், போக வர பேருந்துக் கட்டணம். தீபாவளிக்குப் பிடித்ததைத் திருப்பிக் கொடுப்பது பற்றி அக்காவுக்கும் அத்தானுக்கும் இன்னும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.