ராக்கெட் போன பிறகு

ராக்கெட் ஏவும் நாளில் பழவேற்காட்டு மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்வளத் துறை முன்கூட்டியே சொல்லிவிடும். அன்றைய வருமானம் போச்சு. சென்னையிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருகிறவர்கள் கடற்கரையில் நின்று, வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் எழும்பும் நெருப்பைக் கைப்பேசியில் பிடித்துக்கொண்டு ஊர் திரும்புவார்கள். மேலே போனது என்ன, எதற்காகப் போனது என்று பக்கத்துக் காட்டூர்ப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லத்தான் ஆள் இல்லை.

சொல்ல விஷயமா இல்லை? 2022 நவம்பர் 26 அன்று பி.எஸ்.எல்.வி. சி-54 சுமந்துபோன ஓஷன்சாட் செயற்கைக்கோளையே எடுத்துக்கொள்வோம். அது கடலின் நிறத்தை அளக்கிறது. பச்சை கூடிய இடத்தில் மிதவைப் பாசி அதிகம். பாசியைத் தின்னச் சிற்றுயிர் வரும், அதைத் தின்னச் சிறுமீன், அதன் பின்னால் பெருமீன். கடல்நீரின் வெப்பநிலையையும் இதோடு சேர்த்துப் பார்த்து, மீன் கிடைக்கக்கூடிய இடங்களை ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் மீனவர்களுக்கு அறிவிக்கிறது. ஒருநாள் கரையில் உட்காரவைத்த ராக்கெட்தான் பின்னாளில் வலை போட இடம் சொல்கிறது. இதைப் படம் வரைந்து விளக்கினால், அனுபவப்பட்ட மீனவர் முதலில் கேட்கப்போவது, "மேகம் மூடினா உங்க கோளுக்குக் கண்ணு தெரியுமா?" என்றுதான் இருக்கும். தெரியாது. அடர்ந்த மேகம் இருக்கும் நாளில் அந்த அறிவிப்பு கிடைக்காமல் போவது அதனால்தான்.

தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் இன்னொரு கதை. 2025 ஜனவரி 27 முதல் பிப்ரவரி 12 வரை 'மத்ஸ்யா-6000' என்ற ஆழ்கடல் வாகனத்தை அங்கே தண்ணீரில் இறக்கிச் சோதித்தார்கள். மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோவதற்காகப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிவரும் வாகனம் அது. அந்த ஆழத்தில் நீரின் அழுத்தம் நாம் மூச்சுவிடும் காற்றழுத்தத்தைப் போல் சுமார் 600 மடங்கு. எல்லாப் பக்கமும் அழுத்தத்தைச் சமமாகத் தாங்குவது உருண்டை வடிவம் என்பதால், ஆட்கள் உட்காரும் அறை 2.1 மீட்டர் விட்டமுள்ள டைட்டானியக் கோளம். அதன் மாதிரி ஒன்றைப் பள்ளி மைதானத்தில் வைத்து, பிள்ளைகளை உள்ளே உட்காரச் சொன்னால் போதும். பாடம் தானாகப் புரியும்.

ஸ்ரீஹரிகோட்டாவில் 2019 முதல் பொதுமக்களுக்கான பார்வையாளர் மாடம் இருக்கிறது. ஆனால் இந்த ஊர்க்காரர்கள் பழவேற்காடு ஏரியைச் சுற்றி, கும்மிடிப்பூண்டி, சூளூர்பேட்டை வழியாகத்தான் அங்கே போக முடியும். அதுவும், பார்ப்பது வேறு, புரிவது வேறு. கேரளத்தின் தும்பாவில் மீனவர்கள் விட்டுக்கொடுத்த தேவாலயம்தான் இந்திய விண்வெளித் திட்டத்தின் தொடக்க கால அலுவலகம். 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் அங்கிருந்து கிளம்பியது. இன்று அந்தக் கட்டடம் விண்வெளி அருங்காட்சியகம். கொடுத்தவர்களுக்குக் காட்டவும் ஓர் இடம் அமைந்தது. பழவேற்காட்டு ஏரிக்கரைக்கும் அந்த மரியாதை வேண்டும்; கண்காட்சியும் விஞ்ஞானிகளின் உரையும் இங்கே வர வேண்டும்.

காணொளி அனுப்பினால் போதாதா என்பார்கள். காணொளியிடம் கேள்வி கேட்க முடியாது. நேரில் வந்து பேசும் விஞ்ஞானிக்கும் இங்கே கற்க நிறைய உண்டு. முகத்துவாரம் மணல் மேவி அடைபட்டால் ஏரியின் உப்பு எப்படி மாறுகிறது, இறால் எங்கே போகிறது என்பதைத் தொழில் செய்கிறவர்கள் சொல்வார்கள். ஏரியை முறை வைத்துப் பங்கிடும் 'பாடு' வழக்கத்தை ஆய்வாளர்கள் தேடிவந்து எழுதியிருக்கிறார்கள். மேடையில் விஞ்ஞானிக்குப் பக்கத்தில் ஒரு மீனவருக்கும் நாற்காலி போட வேண்டும்.

பணத்துக்கு எங்கே போவது? இஸ்ரோவிடம் நடமாடும் கண்காட்சிப் பேருந்து இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். துறைமுகமும் மின் நிலையங்களும் இங்கே கூப்பிடு தூரத்தில்தான் இருக்கின்றன. கேட்கத்தான் ஆள் வேண்டும்.

ஆண்டுதோறும் அக்டோபர் 4 முதல் 10 வரை உலக விண்வெளி வாரம். அதற்கு முன்பே ஆகஸ்ட் 15 கிராம சபை வருகிறது. கண்காட்சியும் உரையும் எங்கள் ஊருக்கு வர வேண்டும் என்று காட்டூரும் சுற்றியுள்ள ஊராட்சிகளும் அன்று தீர்மானம் போட்டு அனுப்பட்டும்.